இன்னும் உசரம்

ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்கு எதிர்காத்து ஆவாது. தொண்டைய இன்னைக்கு ஒருநா பத்திரமாப் பாத்துக்கிடணும். பதினோரு மணிக்குக் கோர்ட்டுல நான் மூணு வார்த்தை சொல்லணும். "குதி. இன்னும் உசரம்." அவ்வளவுதான். இந்த மூணு வார்த்தைக்குத்தான் இவ்வளவு பாடு.

என் பேரு கொம்பையா. போலீஸ் ஏட்டு. இப்ப சஸ்பென்ஷன்ல இருக்கேன். ஸ்டேஷன் எதுன்னு கேக்காதீங்க, ஊர் பேரைச் சொன்னா நீங்க பேப்பர்ல படிச்ச கதையெல்லாம் ஞாபகத்துக்கு வந்துரும். அப்புறம் நான் சொல்லுததை நம்ப மாட்டீங்க.

கோர்ட்டுல என்ன நடக்கப் போகுதுன்னா, ஆறு பேரை ஒரு திரைக்குப் பின்னால நிப்பாட்டுவாங்களாம். ஒவ்வொருத்தனா அந்த மூணு வார்த்தையச் சொல்லணும். திரைக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்பள உக்காந்து கேப்பா. சண்பகவடிவுன்னு பேரு. விசைத்தறி ஓட்டுன ஆவுடையப்பன்னு ஒருத்தன், செத்துப்போனான், அவன் பொண்டாட்டி. "இந்தக் குரல்தான்"னு அவ சொல்லிட்டான்னா நான் உள்ள போயிருவேன். சொல்லலைன்னா ரெண்டே மாசத்துல திரும்ப யூனிபார்ம் போடலாம்னு வக்கீல் சொல்லுதாரு. அதனால குரலை மாத்தப் பழகுதேன். நாலு நாளா வெறும் வயித்துல ஐஸ் தண்ணி குடிக்கேன். நீங்க வெளியூரு, என் குரலை முன்னப்பின்ன கேட்டதில்ல. பஸ்ச விட்டு இறங்குறதுக்குள்ள ஒரு தடவை மாத்திச் சொல்லிக் காட்டுதேன். வேற ஆளு மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு நினைக்கீங்க? அந்தப் பொம்பளைன்னா நினைக்கீங்க? இல்ல. டாக்டரம்மாதான். பரிமளகாந்தி. எங்க தொகுதி எம்.எல்.ஏ.வே இப்ப அந்தம்மாதான். செங்கொடிக் கட்சி. டாக்டரம்மான்னா ஊசி போடுத டாக்டர் கிடையாது. காலேஜ்ல மனசைப் பத்திப் பாடம் எடுத்துக்கிட்டு இருந்தாவ. உளவியலாம். நல்லா இருந்த மனுசி. நானும் நல்லா இருந்தேன்.

எங்க ஸ்டேஷன்ல அருணாசலம்னு ஒரு பையன், கான்ஸ்டபிளு, பாரா டூட்டித் துப்பாக்கிய வாய்க்குள்ள வச்சு அழுத்திக்கிட்டான். மத்தியானம், சோறு சாப்பிட்டு வந்த நேரம். சுவத்துல இருந்து வழிச்சு எடுத்தோம். அதுக்கப்புறம்தான் டிபார்ட்மெண்டுக்கு ஞானம் வந்து, போலீஸ்காரனுக்கு மன அழுத்தம் கூடிப்போச்சுன்னு மூணு நாள் வகுப்பு வச்சாங்க. எடுக்க வந்தது பரிமளகாந்தி அம்மா.

ஒரு கல்யாண மண்டபம். முப்பத்திரெண்டு பேரு. அந்தம்மா முதல்ல என்ன செஞ்சாவ தெரியுமா, பந்தி பரிமாறுத சாம்பார் வாளி ஒண்ணு கிடந்தது, அதுல எல்லாப் போனையும் போடச் சொல்லிட்டாவ. நாற்காலிய வட்டமாப் போடு, சல்யூட் கிடையாது, ஐயா கிடையாது, எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன்னாவ. "இந்த வட்டத்துல சொல்லுதது இந்த வட்டத்தை விட்டு வெளிய போகாது. எந்த அதிகாரி கேட்டாலும், கோர்ட்டே கேட்டாலும் நான் சொல்ல மாட்டேன்"னாவ. அப்புறம் கேட்டாவ: "வீட்டுல சொல்ல முடியாத எதை நீங்க டூட்டியில செய்யுதீங்க?"

எல்லாவனும் சீலிங்கு ஃபேனப் பாக்கான். எனக்குப் பாவமாப் போச்சு. இவ்வளவு தூரம் வந்த பொம்பள, ஒருத்தராவது ஏதாவது சொல்லணும்லா. நான்தான் ஆரம்பிச்சேன். எனக்கு இளகுன மனசு, அதுதான் என் கேடு.

என் வேலையச் சொன்னேன். பாதம். பாதம் மட்டும்தான் அண்ணாச்சி. மண்டையில அடிக்கவே மாட்டேன், வயித்துல மிதிக்க மாட்டேன், அதெல்லாம் தொழில் தெரியாதவன் செய்யுதது. நம்ம முறை தனி. ஆள் வந்ததும் செருப்பக் கழட்டச் சொல்லணும். அவனே கழட்டி, ஜோடியாச் சுவரோரம் வைக்கணும். அதுல பாதி ஆளு அடங்கிருவான். அப்புறம் பெஞ்சுல உக்கார வச்சு, காலை நீட்டிக் கட்டி, உள்ளங்கால்ல லத்தி. எண்ணிக்கையெல்லாம் கிடையாது, அவன் தொண்டையில சத்தம் மாறும், அப்ப நிப்பாட்டணும். நிப்பாட்டுன உடனே கட்டை அவுத்து எந்திரிச்சுக் குதிக்க வைக்கணும். குதிச்சா ரத்தம் கட்டாது, வீங்காது. மறுநாள் ஜட்ஜய்யா முன்னால நேரா நடந்து போவான், ஆஸ்பத்திரியில எழுத ஒரு தடயம் இருக்காது. குதிக்காம விட்டா பத்து நாளைக்குக் கால் ஊனவே முடியாது. நீங்களே சொல்லுங்க, குதிக்க வைக்கிறது அவன் நல்லதுக்குத்தானே? சில பேரு மெதுவாக் குதிப்பான், ஏமாத்துவான். அதுக்குத்தான் "இன்னும் உசரம்"னு சொல்லுதது. அதட்ட மாட்டேன். பாசமாத்தான் சொல்லுவேன்.

முன் சீட்டுப் பெரியவர் திரும்பித் திரும்பிப் பாக்காரு. சத்தமாப் பேசுதேனோ? கொறச்சுக்கிடுதேன்.

இன்னொண்ணும் சொன்னேன் அன்னைக்கு. அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எம் மவ சின்னப் புள்ளையா இருக்கும்போது வீட்டு வாசல்ல கயிறாட்டம் ஆடிக்கிட்டு இருந்தா. டப்பு டப்புன்னு அந்தப் பாதம் தரையில விழுத சத்தம். டூட்டி முடிச்சு வந்து படுத்திருக்கேன், என்னால தாங்க முடியல. எந்திரிச்சுப் போயி அந்தக் கயித்தைப் பிடுங்கி அதாலயே விளாசிட்டேன். பிள்ளைக்கு எட்டு வயசு. முதுகுல வரி வரியா எழும்பிச்சு. இதைச் சொல்லும்போது வட்டத்துல வச்சே அழுதுட்டேன் அண்ணாச்சி, முப்பத்தொரு பேரு முன்னால. டாக்டரம்மா பக்கத்துல வந்து ஒரு டம்ளர் தண்ணி குடுத்து, நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நின்னாவ. அன்னைக்கு நான் தூங்குன மாதிரி இருபது வருசத்துல தூங்கினதில்ல.

அதோட விட்டிருக்கலாம்லா? விடல. ஒரு அறிக்கை எழுதி மேல குடுத்திருக்காவ. அடி வாங்குறவனுக்கு மட்டும் நோய் இல்ல, அடிக்கிறவனுக்கும் நோய், முதல்ல அடிக்கிறதை நிப்பாட்டுங்கன்னு. பேரு ஒண்ணும் போடல, அது உண்மைதான். மேல உள்ளவங்க வகுப்பையே நிப்பாட்டிட்டாங்க. இனிமே இந்தப் பக்கம் வரவேண்டாம்னு அந்தம்மாவுக்கு ஓலையும் போயிருச்சு. சரி, காலேஜ்ல பாடம் எடுத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? ஞாயித்துக்கிழமை தோறும் தறித் தொழிலாளி சங்க ஆபீசுல போயி உக்கார ஆரம்பிச்சாவ. எங்ககிட்ட அடி வாங்குன பயலுவளை வரச் சொல்லி, அவன் அழுததையெல்லாம் கேக்குறது. எங்களைக் கேட்ட மாதிரியே அவங்களையும். ஒரு அம்மா ரெண்டு பக்கமும் கேக்கலாமா? எனக்கு அதுதான் முதல் வருத்தம். எங்களுக்குன்னு வந்த ஆளு.

பிறகு தறி ஸ்ட்ரைக்கு வந்தது. ஒரு முதலாளியோட தறியில ஏத்தியிருந்த பாவுநூலை எவனோ அறுத்துப் போட்டுட்டான்னு புகார். இன்ஸ்பெக்டர் ஆவுடையப்பனைத் தூக்கிட்டு வரச் சொன்னாரு. சங்கத்துல வாய்த்துடுக்குள்ள ஆளு அவன். காலையில பத்து மணிக்குக் கொண்டு வந்தோம். செருப்பைக் கழட்டுடான்னேன். கழட்ட மாட்டேன்னுட்டான். என் சர்வீசுல செருப்பைக் கழட்ட மாட்டேன்னு சொன்ன ஒரே ஆளு அவன்தான். "நான் திருடன் இல்ல"ங்கான். ரெண்டு பேரு அவனைத் தரையில போட்டு அமுக்கி, நான்தான் கழட்டுனேன். கழட்டும்போது என் கைய எத்திட்டான். இந்தா பாருங்க, இந்த விரலு இன்னும் மடங்காது.

கோவம் வராதா அண்ணாச்சி? எனக்கும் வந்தது. அன்னைக்கு அவன் தொண்டையில சத்தம் மாறவே இல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தான். மாறினாத்தானே நான் நிப்பாட்ட முடியும்? ஒரு லத்தி பிளந்துபோச்சு, வேற எடுத்தேன். பாதத்துல தோலு கிழிஞ்சு பெஞ்சுல ரத்தம் சொட்டுது. கடைசியில இன்ஸ்பெக்டரே "போதும்வே"ன்னாரு. கட்டை அவுத்தேன். எழுப்பி நிப்பாட்டினேன். குதின்னேன். நிக்கவே முடியல அவனுக்கு, சுவத்தைப் பிடிக்கப் பாத்தான். கையத் தட்டி விட்டுட்டு "குதி"ன்னேன். ஒண்ணு குதிச்சான். "இன்னும் உசரம்." ரெண்டு. "இன்னும் உசரம்." மூணு, நாலு. கீழெல்லாம் அவன் ரத்தம்தான். அஞ்சாவது குதிக்கும்போது வழுக்கி, பின்னால சாஞ்சு, லாக்கப் வாசப்படி முனையில பிடறி இடிச்சுது. தேங்கா உடைஞ்ச மாதிரி ஒரு சத்தம். காதுல இருந்து ரத்தம் வந்தது. கால் மட்டும் கொஞ்ச நேரம் துடிச்சுது.

பாத்தீங்களா? நான் அடிச்சதுல அவன் சாகல. குதிச்சதுல செத்தான். அவன் நல்லதுக்குன்னு சொன்னதுல செத்தான். அதை யாருகிட்டச் சொல்ல? பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு எழுதினோம். வழுக்கினது நிசந்தானே.

அந்த நேரம் பூரா சண்பகவடிவு ஸ்டேஷன் பின்சுவத்துக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்துல சாஞ்சு உக்காந்திருந்திருக்கா. புருசனுக்குத் தூக்குவாளியில தயிர்சோறு. ஆளைப் பாக்கல. குரலை மட்டும் கேட்டிருக்கா. "குதி, இன்னும் உசரம்." உள்ள ஏதோ விளையாட்டுப் போட்டி நடக்குதுன்னு முதல்ல நினைச்சாளாம். அவ்வளவு பாசமாச் சொல்லியிருக்கேன் பாத்துக்கிடுங்க.

அவ நேரா டாக்டரம்மாகிட்டப் போயி அழுதிருக்கா. அந்த மூணு வார்த்தையச் சொன்னதுமே டாக்டரம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும் யாருன்னு. தெரியாம இருக்குமா? ஆனா சொல்லல. காலேஜ் வேலைய எழுதிக் குடுத்துட்டு, கட்சியில சேந்து, தேர்தல்லயும் நின்னுட்டாவ.

அந்தம்மா ஓட்டுக் கேட்ட விதத்தைப் பாத்திருக்கணுமே! மேடையில ஏறும், மைக்கைப் பிடிக்கும், கூட்டத்துல இருந்து ஒரு ஆளைக் கூப்பிட்டு மைக்கைக் குடுத்திரும். "உங்களுக்கு என்ன நடந்தது, சொல்லுங்க"ன்னு கேட்டுட்டு ஓரமா ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கிடும். பேச வந்த ஆளு கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தா ஓட்டு விழுமான்னு நாங்க சிரிப்போம். ஆனா ஜனம் நகராது அண்ணாச்சி. ஒருத்தன் சொல்லி முடிச்சா அடுத்தவன் ஏறுவான். எல்லாம் அடி வாங்குன கதை. முதலாளி அடிச்சது, போலீஸ் அடிச்சது, புருசன் அடிச்சது.

ஒரு கூட்டத்துல முதலாளி ஆளுங்க சோடா பாட்டில் வீசினாங்க. நாங்க பந்தோபஸ்து. கையக் கட்டிக்கிட்டு நில்லுங்கன்னு உத்தரவு, நின்னோம். ஒரு கிழவனுக்குக் கண்ணு போச்சு. ஒரு பாட்டில் டாக்டரம்மா வாயில விழுந்தது. முன்பல்லு ஒண்ணு உடைஞ்சுது, கையில துப்பி அதை முந்தானையில முடிஞ்சுக்கிட்டாவ. மைக்கு பிடிச்சிருந்த பொம்பள பயந்து நிப்பாட்டிட்டா. "நீ சொல்லும்மா, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்"னு சொல்லிட்டு, வாயில ரத்தத்தோட திரும்ப ஸ்டூல்ல உக்காந்துட்டாவ. அன்னைக்கே நினைச்சேன், இந்தம்மா ஜெயிச்சிரும்னு.

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். ஆவுடையப்பன் சாவுக்கு நியாயம் வேணுமாம். நாலு ரோடு சந்திப்புல மறிச்சோம். தள்ளுமுள்ளு. அடின்னு உத்தரவு வந்தது. அடிச்சோம். என்னைக்கும் அடிக்கிற மாதிரி இல்ல, வெறி பிடிச்ச அடி. ஒருத்தன் கை முழங்கைக்கு எதிர்ப்பக்கமா மடங்கிக் கிடந்தது. புள்ளத்தாச்சி ஒருத்தி பதறிக் கீழ விழுந்தா, அவ மேலயே நாலு பேரு ஏறி ஓடுனாங்க. நானும் முன்னால பாத்தவனையெல்லாம் வெளுத்துக்கிட்டே போனேன். ஒரு உருவம் குப்புற விழுந்தது. செருப்புக் கழண்டு தனியாப் போச்சு. எம் முன்னால ரெண்டு வெறும் பாதம். வெள்ளையா, பித்தவெடிப்போட.

கை தானாப் போச்சு அண்ணாச்சி. அத்தனை வருசப் பழக்கம். உள்ளங்கால்ல ரெண்டு, மூணு, ஓங்கி விட்டேன். எலும்பு நொறுங்குத சத்தம் கேட்டுது. உருவம் புரண்டு திரும்புச்சு. டாக்டரம்மா. ஐயோ, இந்தம்மாவுக்கு வீங்கிருமேன்னுதான் அந்த நேரத்துல தோணுச்சு, சத்தியமாச் சொல்லுதேன். கையப் பிடிச்சுத் தூக்கி நிப்பாட்டி, "குதி"ன்னேன். "இன்னும் உசரம்"னேன். டூட்டியில அந்த வார்த்தை அப்படித்தான் வரும், மரியாதையெல்லாம் சேராது. டாக்டரம்மா என்னையே பாத்துட்டு, "ஐயோ, அண்ணே"ன்னு கண்ண மூடிக்கிட்டாவ. அடிச்சதுக்கு அழாத பொம்பள அதுக்கு அழுதாவ. ஏன்னு எனக்கு அப்ப விளங்கல.

பின்னால இருந்து ஒரு அலறல். சண்பகவடிவு. "இந்தக் குரல்தான்! என் புருசனைக் குதிக்கச் சொன்ன குரல் இதுதான்!" என் மேல பாய்ஞ்சு கழுத்தைக் கடிச்சிட்டா. இந்தா, தழும்பு. லத்தியால மூணு தடவை அடிச்சுத்தான் பிரிக்க முடிஞ்சுது.

டாக்டரம்மா சக்கர நாற்காலியில இருந்துக்கிட்டே ஜெயிச்சாவ. வழக்கு வேற போலீசு கைக்குப் போச்சு. அன்னைக்கு ரோட்டுல நின்ன காக்கி இருநூறு பேரு, களேபரத்துல எது எவன் குரலுன்னு எங்க வக்கீல் கேட்டாரு. விசாரணை அதிகாரி டாக்டரம்மாகிட்டப் போனாரு. ரோட்டுல அடிச்சது கொம்பையா, சொன்னதும் கொம்பையான்னு அந்தம்மா எழுதிக் குடுத்தாவ. அது அவிய உடம்புல பட்டது; உத்தரவுக்கு அடிச்சது, அந்தக் கேசு நிக்காதுன்னு வக்கீல் சொல்லுதாரு. சரி. "வகுப்புல இந்தக் குதிக்கிற கதையச் சொன்னது யாரு? அதை மட்டும் சொல்லுங்க, கொலைக் கேசு நிக்கும்"னு கேட்டிருக்காரு. அதுக்கு மாட்டேன்னுட்டாவ. அதனாலதான் கோர்ட்டு இந்தக் குரல் சோதனைய வச்சுது. கட்சிக்காரங்க சத்தம் போட்டிருக்காங்க. சண்பகவடிவு எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல தலைய விரிச்சுப் போட்டு மண்ணை வாரித் தூத்திருக்கா. உன் குடும்பம் விளங்குமான்னு. அந்த மண்ணைத் தலையிலயும் மடியிலயும் வாங்கிக்கிட்டு அந்தம்மா உக்காந்திருந்தாவளாம், தொடைக்காம.

இது திமிருதானே? என்னை என்னவோ பிச்சை போட்டுக் காப்பாத்துத மாதிரி. நான் நேராவே போனேன். "அம்மா, நான் வகுப்புல அழுதேன்ல. மவளை அடிச்சதுக்கு அழுதேன்ல. கொம்பையா இளகுன மனசுக்காரன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லுங்க"ன்னேன். அந்தம்மா என்ன சொன்னாவ தெரியுமா? "அந்த வட்டத்துல கேட்டது நல்லதுன்னாலும் கெட்டதுன்னாலும் நான் சொல்ல முடியாதுண்ணே. ஆனா அது உங்களது. நீங்க சொல்லலாம். நீங்க சொன்னா, அன்னைக்கு மாதிரி பக்கத்துல வந்து நிப்பேன்"னாவ. பாத்தீங்களா அண்ணாச்சி? கால் உடைஞ்சவங்க எப்படி வந்து நிக்கிறது? கேலிதானே? இளகுன மனசுன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல வாய் வரல. அதுதான் என் மனத்தாங்கல், வேற ஒண்ணுமில்ல.

பாலம் வந்துருச்சு. இன்னும் ரெண்டு ஸ்டாப்புதான். இப்பச் சொல்லிக் காட்டுதேன், கவனமாக் கேளுங்க. கீச்சுக் குரல்ல, மூக்கால சொல்லப் பழகியிருக்கேன். எம் பொண்டாட்டியே வேற எவனோன்னு நினைச்சா. தொண்டையக் கொஞ்சம் செருமிக்கிடுதேன்.

"குதி... இன்னும் உசரம்."

எப்படி? ஏன் அண்ணாச்சி என்னை அப்படிப் பாக்கீங்க? மாறியிருக்கா இல்லையா, அதைச் சொல்லுங்க.

யாரு அது? முன் சீட்டுப் பெரியவரா? ஏன் எந்திரிச்சு நிக்காரு? ஸ்டாப்பு இன்னும் வரல ஐயா, உக்காருங்க. உங்களை எனக்குத் தெரியாதே. சத்தியமா ஞாபகம் இல்ல. எதுக்கு அழுவுதீரு? அது என் குரல் இல்ல ஐயா, மாத்தின குரலு. எதுக்குச் செருப்பைக் கழட்டுதீரு? ஜோடியா எதுக்கு வைக்கீரு?

கண்டக்டர் தம்பி, இங்க வாங்க. இவரைப் பிடிங்க. பஸ்சு ஓடுதுல்லா, நின்ன எடத்துல குதிச்சா விழுந்துருவாரு.